கீழ்க்காட்டுக் குளிர்

மஞ்சக்குட்டை
14.8.1989

அன்புள்ள தம்பி சென்றாயனுக்கு,

அக்கா அத்தாயி எழுதிக்கொண்டது. சேர்வராயன் புண்ணியத்தில் நானும் உன் மாமாவும் சௌக்கியம். மாமாவுக்கு முழங்கால் வலி மட்டும் மழை நாளில் கூடுகிறது. நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? உடம்பு இளைத்திருந்தால் மறைக்காமல் எழுது.

நீ அனுப்பிய பார்சல் பெரியநாயகம் கடைக்கு வந்து சேர்ந்தது. ஏற்காடு பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மளிகைக் கடை வைத்திருக்கிறாரே, மலைத் தபால் பாதி இப்போது அவர் கை வழியாகத்தான் வருகிறது. பிரித்துப் பார்த்தால் சேலை இல்லை, பிஸ்கட் இல்லை. வளைந்த கண்ணாடிக் குழாய் பதித்த ஒரு பலகையும் ஒரு காந்தத் துண்டும் இருக்கின்றன. ஜப்பானுக்குப் போன தம்பி அக்காவுக்கு என்ன அனுப்பினான் என்று கடையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். எனக்கு மானம் போயிற்று.

அதில் சூடும் குளிரும் தெரியும் என்றும், கீழ்க்காட்டில் நிழலில் மாட்டித் தினமும் பார்த்து எழுத வேண்டும் என்றும் எழுதியிருக்கிறாய். சரி. அதே கடிதத்தின் கடைசியில் கீழ்க்காட்டுப் பட்டாவின் நகல் ஒன்று வேண்டும் என்றும் போகிற போக்கில் எழுதியிருக்கிறாய். அதுதான் எனக்குப் பிடிபடவில்லை. தேயிலை மிஷின் ஓட்டிப் பழகத்தானே குன்னூர் பாக்டரியிலிருந்து உன்னை ஒரு வருஷத்துக்கு அங்கே அனுப்பினார்கள்? மிஷினுக்கு எதற்குப் பட்டா?

அப்பா நமக்கு விட்டுப்போனது நாலு ஏக்கர். மேல்காட்டில் காப்பியும் மிளகும், கீழ்க்காட்டில் சாமையும். பாகம் பிரிக்கவில்லை. பதினாலு வருஷமாகக் களை பிடுங்குவது நான். இதை உனக்கு ஞாபகப்படுத்தவில்லை, சும்மா எழுதினேன்.

பதில் போடு.

உன் அக்கா,
அத்தாயி


ஷிசுவோகா
3.9.1989

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம். மாமாவின் முழங்காலுக்கு இங்கே ஒரு பிளாஸ்திரி கிடைக்கிறது, யாராவது ஊருக்கு வந்தால் கொடுத்தனுப்புகிறேன். சேலை அனுப்பாததற்கு மன்னித்துவிடுங்கள்.

இப்போது நான் மொரியாமா என்பவர் தோட்டத்தில் தங்கியிருக்கிறேன். அறுபத்தெட்டு வயது. மலைச்சரிவில் மூன்று ஏக்கர் தேயிலை. இலையை நம் ஊர் போல வாட விடுவதில்லை, பறித்த அன்றே ஆவியில் வேகவைக்கிறார்கள். பாலும் சர்க்கரையும் சேர்க்காமல் பச்சையாகக் குடிக்கிறார்கள். முதல் வாரம் எனக்குக் கீரை வேகவைத்த தண்ணீர் போல இருந்தது. இப்போது அது இல்லாவிட்டால் தலை வலிக்கிறது.

தோட்டம் முழுக்கக் கம்பம் நட்டு உச்சியில் மின்விசிறி மாட்டியிருக்கிறார்கள். சிரிக்காதீர்கள், செடிக்குத்தான் விசிறி. மேலே இருக்கிற சூட்டுக் காற்றைக் கீழே தள்ளினால் உறைபனி கொழுந்தைக் கருக்காதாம். ஆனால் சில வருஷமாகக் குளிர்காலம் சரியாகக் குளிர்வதில்லை. செடி ஏமாந்து சீக்கிரமே துளிர்த்துவிடுகிறது. பிறகு ஒரு நாள் பனி கொட்டுகிறது, எல்லாம் போய்விடுகிறது. போன ஏப்ரலில் பாதிக் கொழுந்து போயிற்று. இன்னொரு தொல்லை, பட்டணத்து ஆட்கள் இப்போது தேநீரைத் தகர டப்பாவில் குடிக்கிறார்கள். தெருமுனைப் பெட்டியில் காசு போட்டால் டப்பா விழுகிறது. உட்கார்ந்து ஊற்றிக் குடிக்கும் நல்ல இலையைக் கேட்பார் குறைந்துவிட்டார்கள். கேட்கிறவர்களும் ஆண்டின் முதல் புது இலையைத்தான் கேட்கிறார்கள்.

அதனால் இவர் செடியை வேறு சூட்டில் வைத்துப் பார்க்க ஆசைப்படுகிறார். கீழ்க்காட்டைப் பற்றி நான் சொன்னேன். காப்பியைத் தொட வேண்டாம், கீழ்க்காடு மட்டும் போதும். பலகையைத் தினமும் காலை ஏழு மணிக்குப் பார்த்து, அதிகச் சூடு, அதிகக் குளிர் இரண்டையும், மழை பெய்ததா என்பதையும் எழுதுங்கள். பார்த்த பிறகு காந்தத்தால் ஊசிகளை இறக்கிவிட வேண்டும்.

இங்கே ஒரு சரிவு இருக்கிறது. சாயங்காலம் அதில் நின்றால் நம் கீழ்க்காட்டிலிருந்து பார்ப்பது போலவே இருக்கிறது. மாமாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

தங்கள் தம்பி,
சென்றாயன்


மஞ்சக்குட்டை
2.10.1989

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் கண்டு சந்தோஷம். நாங்கள் சுகமே. கோழிக்குத்தான் கழிச்சல் வந்து நாலு போயிற்று.

செடிக்கு விசிறி மாட்டியிருக்கிறார்கள் என்று படித்ததும் மாமா விழுந்து விழுந்து சிரித்தார். நான் சிரிக்கவில்லை. செடிக்கு விசிறி மாட்டுகிற அளவுக்கு வசதியுள்ள மனுஷனுக்கு மஞ்சக்குட்டையில் சாமைக் காடு எதற்கு என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். பெரியநாயகத்திடம் சொன்னேன். அவர் புளி நிறுத்துக்கொண்டே சொன்னது இது:

"ஏனுங்க அம்மிணி, சீமைக்காரன் சும்மா ஒருத்தரு காட்டு வெயிலெ அளந்துட்டு வரச் சொல்லுவானுங்களா? மொதல்ல வெயிலெ அளப்பான். அப்பறம் காட்டெ அளப்பான். கம்பி வேலி போட்டப்பறந்தான் நமக்குத் தெரியுமுங்க."

பக்கத்துக் காட்டு முனியப்பன் போன வருஷம் செய்ததை நீ மறந்திருப்பாய். ஓட்டல் கட்டுகிறவனுக்குத் தன் தங்கச்சிக்குத் தெரியாமல் எழுதிக் கொடுத்தான். அவள் விறகுக்குப் போனபோதுதான் கம்பி வேலியைப் பார்த்தாள். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று அவள் அழுதது என் காதில் இருக்கிறது. முனியப்பனும் நல்லவன்தான். உன்னைப் போலத்தான், குனிந்த தலை நிமிரமாட்டான்.

மாமா என்னைத் திட்டுகிறார். "ஏம்புள்ள, உந்தம்பி நம்ம காட்டெ வித்தாலும் வாங்கறதுக்கு ஒருத்தன் வரோணுமே. காட்டுப்பன்னியே நம்ம காட்டுக்கு வர யோசிக்குது" என்கிறார். அவருக்கு எல்லாம் விளையாட்டு.

பட்டா பெட்டியில் இருக்கிறது. பெட்டிச் சாவி என் இடுப்பில் இருக்கிறது. நகல் எடுக்கச் சேலம் போக வேண்டும், இப்போது தோதில்லை. பலகையை ஓக் மரத்தில் மாட்டிவிட்டேன். நீ கேட்டபடி எழுதுகிறேன், அதில் குறை வைக்கமாட்டேன்.

ஒன்று கேட்க வேண்டும். அந்தத் தேயிலைச் செடிக்கு எந்தச் சீதோஷ்ணம் ஆகும், எது ஆகாது? விவரமாக எழுது. தெரிந்துகொண்டால் நல்லதுதானே.

அக்கா,
அத்தாயி


ஷிசுவோகா
25.10.1989

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நலம். கோழிகளுக்கு நடந்தது கேட்டு வருத்தம். மீதிக் கோழிகளைத் தனியாக அடையுங்கள்.

நீங்கள் இவ்வளவு அக்கறையாகக் கேட்டது எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? மொரியாமா ஐயாவிடம் சொன்னேன். அவர் கையைத் தட்டிவிட்டு, உன் அக்கா உழவுக்காரி, உழவுக்காரி இதைத்தான் முதலில் கேட்பாள் என்றார். அவர் சொன்னதை எழுதுகிறேன்.

குளிர் ஐந்து டிகிரிக்குக் கீழே போகிற இடம் அவருக்கு வேண்டாம். அந்தத் தொல்லைதான் இங்கேயே இருக்கிறதே. சூடு முப்பத்தைந்துக்கு மேலே போனால் இலை தடித்துக் கசக்கும். மூன்று மாதம் சேர்ந்தாற்போல மழையில்லாமல் இருந்தால் இளஞ்செடி பிழைக்காது. நம் மலையில் இது மூன்றும் இல்லை, அதனால்தான் எனக்கு நம்பிக்கை. அங்கே ஜனவரியிலேயே கொழுந்து எடுக்கலாம். அப்போது இந்த ஊர் முழுக்கச் செடி தூங்கிக்கொண்டிருக்கும். இன்னொன்று, கொழுந்துக்கு ருசி வர இங்கே இருபது நாள் கறுப்புத் துணி போட்டு மூடுகிறார்கள். நம் ஓக் நிழலே அதற்குப் போதும் என்று ஐயா நினைக்கிறார்.

முனியப்பன் விஷயம் மறக்கவில்லை. பட்டா நகல் நாற்றுக்குச் சர்க்கார் அனுமதி வாங்குவதற்கு மட்டும்தான். அவசரமில்லை, தோதுப்படும்போது அனுப்புங்கள். உங்களிடம் இன்னும் சொல்ல இருக்கிறது. எல்லாம் நிச்சயமாகட்டும், எழுதுகிறேன்.

தங்கள்,
சென்றாயன்


மஞ்சக்குட்டை
20.1.1990

அன்புத் தம்பி சென்றாயனுக்கு,

மூன்று மாதம் எழுதவில்லை என்று கோபிக்காதே. காப்பிப் பழம் ஒரேயடியாகப் பழுத்துவிட்டது, பறிக்க ஆள் இல்லை. மாமாவும் நானும்தான். இருவருக்கும் கையெல்லாம் பிசின், மற்றபடி சுகம்.

பொங்கல் நன்றாகப் போயிற்று. இந்த வருஷம் மார்கழி மார்கழியாகவே இல்லை. பிள்ளைகள் விடியும் முன்பே குட்டையில் குதித்துக் கூத்தடிக்கின்றன. நான் கம்பளியை இன்னும் பெட்டியிலிருந்து எடுக்கவில்லை. உன் பங்குப் பொங்கலை நினைத்துக்கொண்டு காக்கைக்கு வைத்தேன். நீ குன்னூரில் இருந்தபோதாவது பொங்கலுக்கு வருகிறேன் என்று இரண்டு வருஷம் சேர்ந்தாற்போலப் பொய் சொன்னாய். இந்த வருஷம் அந்தப் பொய்யும் இல்லை.

நவம்பர் முதல் ஜனவரி பதினைந்து வரை சீட்டு எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். கோடு போட்டு ஒழுங்காக எழுதியிருக்கிறேன், உன் ஐயாவிடம் காட்டு.

சொல்ல இருக்கிறது, நிச்சயமாகட்டும் என்று போன கடிதத்தில் எழுதியிருந்தாய். அதை நான் எட்டுத் தடவை படித்தேன். எது நிச்சயமாக வேண்டும்? அங்கே பெண் பார்த்துவிட்டாயா? அல்லது எங்கேயாவது கையெழுத்துப் போட்டுவிட்டாயா? பெண் என்றால் நான் தாங்கிக்கொள்வேன்.

அக்கா


ஷிசுவோகா
8.2.1990

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். இங்கே பனி. பெண்ணும் இல்லை, கையெழுத்தும் இல்லை.

சீட்டு வந்தது. ஒரு சந்தேகம். ஜனவரி ஒன்பது, பத்து, பதினொன்று மூன்று நாளும் குளிர் மூன்று டிகிரி என்று எழுதியிருக்கிறீர்கள். ஊசியின் மேல்முனையைப் பார்த்தீர்களா, கீழ்முனையையா? கீழ்முனையைத்தான் பார்க்க வேண்டும். ஒருமுறை சரிபார்த்து எழுதினால் ஐயாவிடம் காட்டுவேன். அதுவரை சீட்டு என்னிடமே இருக்கும்.

ஐயாவின் தம்பி மகன் தாக்கேஷி மெட்ராஸில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறார். மார்ச் முதல் வாரம் கீழ்க்காட்டைப் பார்க்க வருவார். கொஞ்சம் இங்கிலீஷ் பேசுவார், கூட ஒரு மொழிபெயர்ப்பாளரும் வருவார். பலகையைக் காட்டுங்கள். ஒருவேளை சாப்பாடு போடுங்கள், களி சாப்பிடுவாரா தெரியவில்லை. மாமாவுக்குப் பிளாஸ்திரி அவரிடம் வருகிறது.

தங்கள்,
சென்றாயன்


மஞ்சக்குட்டை
12.3.1990

தம்பிக்கு,

உன் அக்காவுக்கு ஊசியின் மேல்முனையும் கீழ்முனையும் தெரியாது என்று நினைத்துவிட்டாய். எட்டாம் வகுப்பு வரை படித்தவள் நான். மூன்று என்றால் மூன்றுதான். உனக்கு எண் எழுதக் கற்றுக் கொடுத்ததே நான்தான். என்னையே சந்தேகப்படுகிறாய். நன்றாயிருக்கிறது.

நாங்கள் சுகம். உன் சுகத்துக்கு எழுது.

தாக்கேஷி ஆறாம் தேதி ஜீப்பில் வந்தார். சின்னப் பையன் போலத்தான் முகம், நாற்பது வயதாம். வந்ததும் இடுப்பை மடக்கிக் கும்பிட்டார். நானும் கும்பிட்டேன். அவர் மறுபடியும் மடங்கினார். இது எங்கே முடியும் என்று தெரியாமல் மாமாதான் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்தார். களியை இரண்டு உருண்டை சாப்பிட்டார், கீரையை வழித்துச் சாப்பிட்டார். அதில் ஒன்றும் குறை சொல்லமுடியாது.

ஆனால் காட்டில் அவர் செய்ததை நீ கேட்க வேண்டும். ஒரு நூலையும் கல்லையும் வைத்துச் சரிவை அளந்தார். பத்து இடத்தில் மண்ணைத் தோண்டிப் பையில் போட்டுப் பேர் எழுதினார். ஓக் மரம் ஒவ்வொன்றாக எண்ணினார். ஓடைத் தண்ணீரைப் புட்டியில் பிடித்தார். போட்டோ எடுத்தார், எல்லைக்கல்லையும் சேர்த்து. நான் அரிவாளை இடுப்பில் செருகிக்கொண்டு பின்னாலேயே போனேன். எல்லைக்கல்லை எதற்கு எடுக்க வேண்டும், சொல்.

மொழிபெயர்க்க வந்தவர், "அம்மா, இவர் கேட்கிறார், இந்த மண்ணை இவ்வளவு சுத்தமாக வைத்திருப்பது யார்?" என்றார். நான்தான் என்றேன். அதற்கும் ஒரு கும்பிடு. மனது கொஞ்சம் இளகத்தான் செய்தது. பிறகு, இளகட்டும் என்றுதானே கும்பிடுகிறான் என்று தோன்றிவிட்டது.

பலகையைக் கேட்டார். அது இல்லை. இரண்டு நாள் முன்னால்தான் குரங்கு தூக்கிக்கொண்டு போய்விட்டது. மினுமினுப்பைக் கண்டால் விடாது என்று உனக்கே தெரியும். மாமா அப்போது ஏதோ சொல்ல வந்தார், நான் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி அனுப்பிவிட்டேன்.

பிப்ரவரிச் சீட்டு இத்துடன். எந்த முனை என்று இனிமேல் கேட்காதே.

அத்தாயி


மஞ்சக்குட்டை
9.5.1990

அன்புத் தம்பி சென்றாயனுக்கு,

ஏப்ரல் முழுக்கப் பார்த்தேன், உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. உடம்புக்கு ஏதாவதா? எழுத முடியாவிட்டால் யாரையாவது விட்டு எழுதச் சொல். எங்களுக்கு உடம்பு நன்றாக இருக்கிறது. பிளாஸ்திரி ஒட்டியதிலிருந்து மாமா என்னைவிட வேகமாக மேடு ஏறுகிறார்.

தபால்காரரைக் கேட்டேன், இல்லை என்றார். பெரியநாயகத்தைக் கேட்டேன். "ஏனுங்க, எனக்கு எதுக்குங்க உங்க கடுதாசி?" என்றார். நான் கேட்டது கடுதாசி வந்ததா என்றுதான். எதுக்கு என்று அவர் ஏன் சொல்ல வேண்டும்? கடையில் டீ போடும் கெட்டிலைப் பார்த்தேன். ஆவியில் காட்டினால் உறை பிரியும் என்பார்கள். இப்போது அவரையும் நம்ப முடியவில்லை. ராத்திரியில் மாமாவிடம் சொன்னேன். "நொம்ப நாளா என்னெ மட்டும் உட்டு வெச்சிருக்கறயே, ஏன் புள்ள?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் படுத்தார்.

இந்த வருஷம் பூமழை மார்ச் கடைசியில் கணக்காக இறங்கியது. மூன்று நாள் நல்ல மழை. மேல்காடு முழுக்க வெள்ளையாகப் பூத்து மணத்தது. நீ பார்த்திருக்க வேண்டும். கீழ்க்காட்டிலும் ஈரம் நிற்கிறது, சாமைக்கு உழுதுவிடலாம் என்று மாமா சொல்கிறார். நான்தான் வேண்டாம் என்று நிறுத்தியிருக்கிறேன். உன் பக்கம் என்ன ஏற்பாடு என்று தெரியாமல் எப்படி உழுவது?

மார்ச், ஏப்ரல் சீட்டு வைத்திருக்கிறேன்.

சாமி, சுற்றி வளைக்காமல் கேட்கிறேன். கீழ்க்காட்டை அவர்களுக்குக் கொடுக்கப்போகிறாயா? கொடுப்பதென்றால் எனக்குச் சொல்லிவிட்டுக் கொடு. வேலியைப் பார்த்து நான் தெரிந்துகொள்ளும்படி வைத்துவிடாதே.

அக்கா


ஷிசுவோகா
3.6.1990

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி வணக்கம். உடம்புக்கு ஒன்றும் இல்லை. எழுதாமல் இருந்ததற்குக் காரணம், எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. மாமாவின் முழங்கால் தேறியது கேட்டு மகிழ்ச்சி.

கீழ்க்காடு யாருக்கும் போகவில்லை. போகவும் போகாது. நிம்மதியாக உழுது சாமை விதையுங்கள்.

"மூன்று என்றால் மூன்றுதான்" என்று நீங்கள் எழுதிய பிறகு சீட்டுகளை ஐயாவிடம் கொடுத்தேன். ஐயா முதலில் நம்பவில்லை. தாக்கேஷி கொண்டுவந்த மண்ணையும் தண்ணீரையும் பார்த்து, நல்ல இடம், மிக நல்ல இடம் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். என் பக்கம் திரும்பி, "உன் ஊர்தானே, இது சரியா?" என்று கேட்டார். நான் சரி என்றேன். அவர் சீட்டை மடித்து என் கையில் கொடுத்துவிட்டுச் செடிக்கு மருந்தடிக்கப் போய்விட்டார். அன்று ஏப்ரல் பதினேழு.

அக்கா, நான் அந்த மலையில் பிறந்தவன். கீழ்க்காட்டில் மூன்று டிகிரி குளிர் என்றைக்காவது விழுந்ததுண்டா? கம்பளியைப் பெட்டியிலிருந்து எடுக்கவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இப்போது வந்த சீட்டில் மார்ச் கடைசி வாரம் மழை ஒன்றுமில்லை என்று இருக்கிறது, கூடவே வந்த கடிதத்தில் பூமழை மூன்று நாள் பெய்திருக்கிறது. மார்ச் நாலாம் தேதி குரங்கு பலகையைத் தூக்கிக்கொண்டு போயிற்று. அப்படியானால் ஏப்ரல் சீட்டைக் குரங்கா எழுதியது? சிரித்துவிட்டேன். பிறகு வெளியே போய் நின்றேன்.

முதல் சீட்டிலேயே எனக்குத் தெரியும். அதனால்தான் ஊசியின் முனையைக் கேட்டேன். தவறிப்போய்விட்டது என்று ஒரு வரி எழுதுவீர்கள் என்று பார்த்தேன். நீங்கள் கோபப்பட்டீர்கள். சரி, வேண்டாம் என்பதை இப்படிச் சொல்கிறீர்கள் என்று எடுத்துக்கொண்டேன். பதினாலு வருஷம் களை பிடுங்கியவர் நீங்கள், வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் அந்நிய மனுஷர் முன்னால் நின்று, என் அக்கா பொய் எழுதியிருக்கிறாள் என்று என்னால் சொல்ல முடியவில்லை. உங்களை உழவுக்காரி என்று கை தட்டியவர் அவர்.

நிச்சயமாகட்டும் என்று நான் நிறுத்தி வைத்த விஷயம் இதுதான். முந்நூறு நாற்றுடன் நான் ஊருக்கு வருவதாக இருந்தது. கீழ்க்காட்டை நானே பார்த்துக்கொண்டு, வேகவைக்கும் கொட்டகையும் அங்கேயே போட்டு, நம் வீட்டிலேயே இருப்பது என்று ஏற்பாடு. செப்டம்பரில் கிளம்ப வேண்டியது. வருகிறேன் என்று சொல்லி இரண்டு பொங்கலுக்கு வராமல் உங்களைக் காக்க வைத்தவன் நான். இந்தத் தடவை நாற்று கைக்கு வருவதற்கு முன்னால் வாயைத் திறக்கக் கூடாது என்று இருந்தேன். அது என் தப்பு.

ஐயா இப்போது தன் மலையிலேயே இன்னும் உயரத்தில் புதுத் தோட்டம் வெட்டுகிறார். இவருடைய மகன் கார் கம்பெனிக்குப் போய்விட்டான், ஆள் இல்லை. நான் இருக்க முடியுமா என்று கேட்டார். குன்னூர் பாக்டரியிலும் என் இடத்தில் வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள். மூன்று வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். இதுதான் நான் போட்ட ஒரே கையெழுத்து.

கோபம் இல்லை. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தம்பி,
சென்றாயன்


மஞ்சக்குட்டை
24.6.1990

அன்புள்ள சென்றாயனுக்கு,

உன் கடிதத்தைப் பெரியநாயகம் என் கையில் கொடுத்தபோது உறை ஒட்டியபடியே இருந்தது. அந்த மனுஷனைப் பாவம் நான் என்னவெல்லாம் நினைத்தேன். கடையிலேயே நின்று படித்தேன். "ஏனுங்க அம்மிணி, கெட்ட சேதிங்களா?" என்றார். இல்லை, என் தம்பி நல்லவன் என்று எழுதியிருக்கிறது என்றேன். அவருக்குப் புரியவில்லை. உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார்.

இந்தப் பக்கத்தை உன் ஐயாவுக்குப் படித்துக் காட்டு. ஒரு சொல் விடாமல், மாற்றாமல் சொல்.

மொரியாமா ஐயாவுக்கு, அத்தாயி கும்பிட்டு எழுதுவது. உங்களுக்கு வந்த சீட்டு முழுவதும் பொய். என் தம்பி எழுதியதல்ல, அவன் சொல்லியும் நான் எழுதியதல்ல. எந்தச் சீதோஷ்ணம் உங்கள் செடிக்கு ஆகாது என்று அவனிடமே கேட்டுத் தெரிந்துகொண்டு, அதையே எழுதினேன். ஜனவரியில் எங்கள் காட்டில் அதிகக் குளிரே பன்னிரண்டு டிகிரிதான். ஒரே ஒரு நாள் பதினொன்று. பிப்ரவரியில் அதிகச் சூடு இருபத்தொன்பது. பூமழை மூன்று நாள் பெய்தது. பலகையைக் குரங்கு தூக்கவில்லை, சாமைக் குதிருக்குள் நான்தான் புதைத்து வைத்தேன். உங்கள் தம்பி மகன் கும்பிட்டபோது அது என் முதுகுக்குப் பின்னால் இருந்தது. நீங்கள் என் தம்பியைப் பொய்யன் என்று நினைத்திருந்தால் அந்தப் பேர் எனக்கு உரியது. அவன் சரி என்று சொன்னது எனக்காகச் சொன்னது.

ஐயாவுக்கு எழுதியது அவ்வளவுதான். இனி உனக்கு.

மாமாவிடம் எல்லாம் சொன்னேன். அவருக்குக் குதிர் விஷயம் மார்ச்சிலேயே தெரியுமாம், சாமை அள்ளப் போனபோது கையில் தட்டியதாம். ஏன் கேட்கவில்லை என்றேன். "நீ எதையாச்சும் பயந்து ஒளிச்சு வெச்சா, அதெ நானும் எடுத்துக் காட்டோணுமா?" என்றார். உன்னைப் போலவே பேசுகிறார். இரண்டு ஆம்பிளைகள் இப்படி வாயை மூடிக்கொண்டு என்னைக் காப்பாற்றினால் நான் எங்கே போய் முட்டிக்கொள்வது?

வேண்டாம் என்று நான் சொன்னதாக எழுதியிருக்கிறாய். கண்ணு, எனக்கு அந்தச் செடி வேண்டும் வேண்டாம் என்று ஒரு நினைப்பும் இருந்ததில்லை. அந்த நிலத்தை நான் இறுக்கிப் பிடித்ததே, என்றைக்காவது நீ திரும்பி வந்தால் உனக்கு வந்து நிற்க ஒரு இடம் இருக்க வேண்டும் என்றுதான். வருகிறவனே நீதான் என்று தெரியாமல் கதவைச் சாத்தியிருக்கிறேன். இதை நினைத்தால் சோறு இறங்கவில்லை. உன் மேல் கோபமும் இருக்கிறது. ஒரு வரி, "அக்கா நான் வரப்போகிறேன்" என்று நீ எழுதியிருந்தால் ஜனவரியில் முப்பத்தொரு நாளும் நான் உண்மை எழுதியிருப்பேன். வராமல் போயிருந்தாலும் பரவாயில்லை, இரண்டு பொங்கல் தாங்கியவளுக்கு மூன்றாவது ஒன்றும் பெரிசில்லை.

கையெழுத்துப் போட்டது போட்டதுதான் என்று எனக்குத் தெரியும். அதை அழிக்கச் சொல்லமாட்டேன். அந்த மனுஷருக்கும் ஆள் இல்லை, நீ பாதியில் விட்டு வருவது சரியில்லை. மாமா கீழ்க்காட்டை நேற்று உழுதுவிட்டார். இந்த வருஷம் சாமைதான்.

மூன்று வருஷம் என்று எழுதியிருக்கிறாய். எந்த மாதம், எந்தத் தேதியில் அது முடிகிறது? அதை எழுது. நான் வருத்தப்படுவேன் என்று ஒரு நாள்கூடக் குறைத்து எழுதாதே.

உன் அக்கா,
அத்தாயி